குல்மார்க் ஃபேஸ் 2: பனிப்புயல் நின்ற மறுநாள் எல்லைக்கு வெளியே இறங்கலாமா?

பனிநடை கேட்டது:

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரம் நாங்க நாலு பேர் குல்மார்க் போறோம். நாலு பேருக்கும் ஸ்கீயிங் நல்லாவே வரும், ஆழமான பனியிலயும் திரும்பத் தெரியும். ஆனா பனிச்சரிவைப் பத்தி யாரும் முறையாப் படிச்சதில்லை. கோண்டோலா (கேபிள் கார்) ஃபேஸ் 2-ல, அதாவது இரண்டாம் கட்டத்துல ஏறி, அஃபர்வட் முகட்டிலிருந்து ஸ்கீ ரோந்துக் குழு பார்த்துக்கிற பகுதியோட எல்லைக்கு வெளியே, ஹபத்குட் பக்கமோ ட்ரங் பக்கமோ இறங்கணும்னு ஆசை. உள்ளூர் வழிகாட்டி ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கோம்.

நாங்க போய்ச் சேர்ற வாரம் ஒரு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வர்ற புயல்) வரும்போலத் தெரியுது. மூணு நாள் விடாம பனி, மொத்தம் 60 முதல் 80 செ.மீ. வரைக்கும், நாலாம் நாள் வெயில். எல்லாரும் காத்திருக்கிறதே அந்த நாலாம் நாளுக்குத்தான்னு புரியுது.

புயல் நின்ன பிறகு எத்தனை மணி நேரம் பொறுக்கணும்? பனியில குழி தோண்டிப் பார்க்கிறது எங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பிரயோஜனப்படுமா? பீக்கன் (புதைஞ்சவரைத் தேட சிக்னல் அனுப்பி வாங்குற கருவி), ப்ரோப் (பனியில குத்திப் பார்க்கிற நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளுற மண்வாரி) மூணையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். அது போதுமா, ஏர்பேகும் (இழுத்தா ஊதுற காற்றுப்பை) வேணுமா? அரசு தர்ற பனிச்சரிவு எச்சரிக்கையை எப்படிப் படிக்கணும்?

வடகீழ்ச்சரிவு பதில்:

பனியையும் நிலத்தையும் பற்றி நான் சொல்கிறேன். மீட்புக் கருவிகளைப் பற்றி அதில் பழக்கமுள்ளவர்கள் எழுதட்டும்.

முதலில் குல்மார்க்கின் அமைப்பைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஃபேஸ் 2 மேல் நிலையம் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, ஃபேஸ் 1 மேல் நிலையமான கோங்தூரி வரை இறங்கும் கிண்ணம் மட்டும்தான் ரோந்துக் குழுவின் பொறுப்பு. வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிடுவது, சோதிப்பது, திறப்பது, மூடுவது எல்லாம் அதற்குள்தான் நடக்கும். முகட்டில் பத்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால் எல்லை முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது யாரும் கைவைக்காத மலை. "ஃபேஸ் 2 திறந்துவிட்டது" என்ற செய்தி கிண்ணத்தைப் பற்றியது. ஹபத்குட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி ஹபத்குட்டில் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி அஃபர்வட்டின் இன்னொரு பகுதியில் ரஷ்யர் ஒருவர். இரண்டுமே எல்லைக்கு வெளியே.

இனி மணிக்கணக்கு. குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் தொடரில் புயல்கள் கனமானவை. லடாக்கோடு ஒப்பிட்டால் குளிரும் குறைவு. அதனால் புதுப்பனி தன் எடையிலேயே அமுங்கி, கீழே உள்ள பனியோடு ஒட்டிக்கொள்வது ஓரளவு சீக்கிரம் நடக்கும். பிரச்சினை புதுப்பனிக்குள் மட்டும் இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். "இரண்டு நாள் பொறு" என்று அங்கே எல்லோரும் சொல்வது இதனால்தான். அந்த விதி பொய்க்கும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, அடியில் கிடக்கும் சர்க்கரைப் பனி. தரையை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மேலே காற்று மைனஸ் 15 என்று வையுங்கள். பனியின் கனம் 60 செ.மீ. மட்டுமே என்றால், ஒரு மீட்டருக்கு 25 டிகிரி என்ற கணக்கில் வெப்பநிலை மாறுகிறது. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே நீராவி கீழிருந்து மேலேறி, பனித்துகள்களைக் கோணம் கோணமான, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றத் தொடங்கிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் கொட்டிப்போகும். அதே குளிரில் பனி 2 மீட்டர் கனமாக இருந்தால் மாற்றம் மீட்டருக்கு 7.5 டிகிரிதான்; மணிகள் உருண்டு, ஒட்டி, உறுதிப்படும். ஆகவே குறைவாகப் பனி பெய்து நீண்ட நாள் தெளிந்த வானமாக இருந்த குளிர்காலத்தை நம்பவே கூடாது. 2024 ஜனவரியில் குல்மார்க் கிட்டத்தட்ட பனியே இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சில்லை கலான் எனும் கடுங்குளிர் நாற்பது நாளும் அப்படி வறண்டு போய், பிப்ரவரியில் திடீரென்று ஒரு மீட்டர் விழுந்தால், அந்தப் பாரம் முழுக்க ஒட்டாத மணிகள்மேல் உட்கார்ந்திருக்கும். இதற்கு 48 மணி நேரம் போதாது, வாரக்கணக்கில் ஆகலாம். நீங்கள் புறப்படும் முன் டிசம்பர், ஜனவரியில் அங்கே எப்போது எவ்வளவு விழுந்தது, இடையில் எத்தனை நாள் வறட்சி என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாள் வானிலையைவிட அது அதிகம் சொல்லும்.

இரண்டாவது காற்று. புயலின்போது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அடிக்கும். குல்மார்க்கைப் பார்த்திருக்கும் சரிவுகளோ பெரும்பாலும் வடகிழக்கையும் கிழக்கையும் நோக்கியவை. முகட்டின் அந்தப் பக்கத்துப் பனியை வாரி இந்தப் பக்கம் கொட்டுவதற்கு வசதியான அமைப்பு. வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றால் ஒரு சரிவில் பனியைக் குவிக்க முடியும். நாலாம் நாள் நீல வானம்தான், ஆனால் முகட்டிலிருந்து பனி புகைபோல் பறந்துகொண்டிருந்தால், அந்தச் சரிவைப் பொறுத்தவரை புயல் இன்னும் நிற்கவில்லை. உங்கள் 48 மணிக் கணக்கு காற்று ஓய்ந்த பிறகுதான் தொடங்கும்.

காற்றடித்துக் குவித்த பனி மிருதுவாக இருக்காது. மேல்பரப்பு மங்கலான வெள்ளையாக, ஸ்கீ வைத்தால் பொத்தென்று, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். ஸ்கீ முனையிலிருந்து கோடு கோடாக விரிசல் ஓடும். முகட்டுக்குக் கீழே சில பத்து மீட்டரில் தலையணை மாதிரி உப்பி நிற்கும் பகுதிகள், பாறைகளுக்குப் பின்புறம், ஓடைகளின் ஒரு கரை மட்டும் வழுவழுவென்று நிரம்பியிருப்பது, இவை எல்லாம் அதன் அடையாளங்கள். முகட்டின் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸ் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் பாரம் ஏறியிருக்கிறது. அதன்மேல் நிற்காதீர்கள். அது நீங்கள் நினைக்கும் இடத்தில் உடையாது, இன்னும் உள்ளே தள்ளி உடையும்.

இந்த இரண்டையும் சரியாகக் கணிக்க அனுபவம் வேண்டும். கோணத்தை அளக்க அனுபவம் தேவையில்லை. அதனால்தான் புதியவர்களுக்குக் கோணத்தையே முதல் ஆயுதமாகச் சொல்வேன். ஒட்டிய அடுக்கு பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான இடத்தில்தான் தொடங்குகின்றன. 38-ஐ ஒட்டி மிக அதிகம். கண்மதிப்பு இதில் ஏமாற்றும். ஸ்கீ கம்பைச் சரிவின் போக்கிலேயே பனிமேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்துச் சாய்வுமானியைப் பாருங்கள். வரைபடத்தில் பார்ப்பதென்றால், சம உயரக் கோடுகள் 40 மீட்டர் இடைவெளியில் இருக்கும் 1:50,000 தாளில், இரண்டு கோடுகளுக்கு இடையே 1.4 மி.மீ. இருந்தால் அது 30 டிகிரி. அதைவிட நெருங்கினால் செங்குத்து கூடுகிறது. செயலிகளில் வண்ணம் பூசிக் காட்டும் சரிவுக் கோணத்தைக் காஷ்மீரில் முழுக்க நம்பாதீர்கள். 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரு உயரம் என்ற தரவில் 15 மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்தான மடிப்பு தெரியாமலே போய்விடும். ஆளைக் கொல்ல அந்த மடிப்பு போதும்.

30-க்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது, மேலே என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள். 2010 பிப்ரவரி 8-ஆம் தேதி கிலன்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 பேர் இறந்தார்கள். கிலன்மார்க் ஒரு புல்வெளி. மேலேயுள்ள சரிவுகளில் உடைவது வந்து சேரும் இடம் அது.

ஆக, 60 செ.மீ. விழுந்த மறுநாள் எல்லைக்கு வெளியே 30 டிகிரிக்கு மேல் எங்கேயும் போகாதீர்கள். காற்று ஓய்ந்து 48 மணி நேரம் ஆகி, குளிர்காலத் தொடக்கத்தில் நீண்ட வறட்சியும் இல்லை என்றால் 35 வரை யோசிக்கலாம். அடியில் சர்க்கரைப் பனி இருப்பது தெரிந்தால் அந்தப் பயணம் முழுக்கவே 30-க்குக் கீழே.

அடுக்குப்பார்வை பதில்:

மேலே சொன்னதுல பெரும்பாலும் உடன்பாடுதான். குழி விஷயத்தை அவர் தொடலை, அதை நான் எழுதுறேன்.

குழி தோண்டுறது வீண்னு சொல்றவங்க நிறைய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். "அடியில் சர்க்கரைப் பனி இருப்பது தெரிந்தால்"னு அவர் எழுதியிருக்காரே, அது எப்படித் தெரியும்? தோண்டினாத்தான் தெரியும். ஐரோப்பாவிலயோ கனடாவிலயோ அதை யாராவது தோண்டிப் பார்த்து தினமும் எழுதிப் போட்டுடுவாங்க. இங்கே அந்த வசதி ரொம்பக் குறைவு.

எங்கே தோண்டணும்ங்கிறதுதான் பாதி வேலை. நீங்க இறங்கப் போற சரிவு எந்தத் திசையைப் பார்க்குதோ, எந்த உயரத்துல இருக்கோ, அதே மாதிரி ஒரு சின்ன சரிவு. உடைஞ்சாலும் உங்களைப் புதைக்காத அளவுக்குச் சின்னது. மேலே எதுவும் தொங்கக்கூடாது. ஆளுங்க மிதிச்ச இடம், மரத்தடி, முகட்டை ஒட்டி காற்று சுரண்டின இடம் எல்லாம் தவிர்க்கணும். முதல்ல ப்ரோப்பை அஞ்சாறு இடத்துல குத்தி ஆழம் பாருங்க. ஒரு இடத்துல 2 மீட்டர், பக்கத்துல 70 செ.மீ.ன்னு வந்தா அந்தச் சரிவு சீரா இல்லைன்னு அர்த்தம். கனம் குறைஞ்ச இடத்துலதான் உங்க எடை கீழே இருக்கிற பலவீன அடுக்கை எட்டும்.

சுமார் ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் போதும். மேல்சுவரை நேரா சீவுங்க. வெயில் படாத சுவரா இருக்கட்டும். முதல்ல கையால அழுத்திப் பாருங்க: மூடின முஷ்டி உள்ளே போகுதா, நாலு விரல் போகுதா, ஒரு விரல், பென்சில், கத்தின்னு வரிசையா. மேலே ஒரு விரல் மட்டுமே போற கட்டியான பனி, அதுக்குக் கீழே முஷ்டி சுலபமா போற பனின்னு வந்தா, அதுதான் மோசமான சேர்க்கை. கட்டியான பலகை மேலே, நொய்யான அடுக்கு கீழே.

அப்புறம் நீட்டித்த தூண் சோதனை. சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவுல ஒரு தூணைத் தனியாப் பிரிக்கணும். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிறால அறுத்தா சுத்தமா வரும். ஷவல் தகட்டை ஒரு ஓரத்துல மட்டும் மேலே படுக்க வெச்சு, மணிக்கட்டு மட்டும் அசையுற மாதிரி 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் விழுந்த அதே தட்டுலயோ அடுத்த தட்டுலயோ அது 90 செ.மீ. முழுக்க ஓடிடுச்சுன்னா, அந்த மாதிரி சரிவுகளுக்கு அன்னிக்குப் போகாதீங்க. தட்டு எண்ணிக்கை 8-ஆ 22-ஆன்னு ரொம்ப அலசாதீங்க. விரிசல் ஓடுச்சா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

இதுல ஒரு கண்டிப்பான விதி இருக்கு. மோசமான விடை வந்தா "போகாதே"ன்னு எடுத்துக்கணும். நல்ல விடை வந்தா "போ"ன்னு எடுத்துக்கக் கூடாது. 90 செ.மீ. தூண் ஒரு மலைச்சரிவுக்காகப் பேசாது; பத்து மீட்டர் தள்ளி வேற கதை இருக்கலாம். ஒரு மீட்டருக்குக் கீழே புதைஞ்ச அடுக்கை இந்தச் சோதனை சரியாத் தொடவும் தொடாது. அதனால கோண விதியை 35-க்குத் தளர்த்துறதுக்குக் குழியைக் காரணம் காட்டாதீங்க. இறுக்குறதுக்கு மட்டும் காட்டுங்க.

குழிக்கு முன்னாடியே மலையே சொல்லிடுற விஷயங்களும் உண்டு. நடக்கும்போது காலடியில "வும்ப்"னு பனி அமுங்குற சத்தம் கேட்டா, பலவீன அடுக்கு அப்போதான் இடிஞ்சுது. எதிர்ல அதே திசையைப் பார்த்த சரிவுல புதுசா ஒரு உடைப்புத் தெரிஞ்சா, ஸ்கீ முன்னாடி விரிசல் ஓடினா, அதுக்கு மேல தோண்டிப் பார்க்க எதுவும் இல்லை. சமதளத்துல நின்னு வும்ப் கேட்டாலும் மேலே இருக்கிற செங்குத்து உடைஞ்சு வரலாம். விரிசல் அடுக்கு வழியாவே ஏறிப் போயிடும்.

வெயிலையும் மறக்காதீங்க. குல்மார்க் 34 டிகிரி அட்சரேகைதான். ஆல்ப்ஸுக்கு எழுதின கால அட்டவணை இங்கே பொருந்தாது. பிப்ரவரி நடுவிலேயே கிழக்குச் சரிவுல காலைலயே சூடு ஏறிடும், தெற்குல மதியம். சரிவுல தானா பனி உருண்டைகள் சக்கரம் மாதிரி உருண்டு வர ஆரம்பிச்சா, பாறையிலிருந்து பனி ஒழுக ஆரம்பிச்சா, அந்தத் திசைச் சரிவை விட்டு உடனே விலகணும்.

ஊசியிலை பதில்:

மீட்புக் கருவிகள் பற்றி.

முதலில் ஏன் நால்வரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு. சுவிட்சர்லாந்தின் விபத்துத் தரவுகளில், முழுக்கப் புதைந்தவர்களை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் பத்தில் மூன்று பேர். பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் சாவு. கோங்தூரியிலிருந்து ரோந்துக் குழு எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் ஹபத்குட்டுக்கு 10 நிமிடத்தில் வந்துசேர முடியாது. உங்களை உயிரோடு எடுக்கக் கூடியவர்கள் உங்கள் குழுவில் மேலே நிற்பவர்கள் மட்டுமே. அதனால் வழிகாட்டியிடம் மட்டும் திறமை இருந்து பயனில்லை. புதைந்தது அவராகவும் இருக்கலாம்.

பீக்கன் மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் கருவியாக இருக்கட்டும். எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் என்பதால் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் கலந்திருக்கலாம். வாடகைக் கருவியில் நான் கவலைப்படுவது மூன்று விஷயங்களுக்கு: பேட்டரிப் பெட்டியில் பச்சைப் பூஞ்சையாகத் துரு, வார் அறுந்திருப்பது, ஒரே ஆன்டெனா உள்ள மிகப் பழைய மாடல். பேட்டரியை நீங்களே கொண்டுபோங்கள். புது அல்கலைன், ரீசார்ஜ் வகை வேண்டாம். லித்தியம் என்றால் கருவியின் கையேடு அனுமதித்தால் மட்டும். ரீசார்ஜ் பேட்டரி கடைசிவரை முழு அளவு காட்டிவிட்டுச் சட்டென்று விழும், அல்கலைனை வைத்துக் கணக்கிடும் கருவிக்கு அது புரியாது. உடம்போடு ஒட்டி, மேல் ஜாக்கெட்டுக்கு உள்ளே வாரோடு அணியுங்கள்; பையில் வைக்காதீர்கள், பை பிய்ந்து போகும். போன், கேமரா, சூடேற்றும் கையுறை எல்லாம் அனுப்பும் நிலையில் குறைந்தது 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. தள்ளி. தேடும் நேரத்தில் போனை அணைத்துவிடுவதே நல்லது.

தினமும் மேல் நிலையத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அனுப்பும் நிலையில் அவரைக் கடந்து போகட்டும். பிறகு மாற்றிச் செய்து அவருடைய கருவியையும் சோதியுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஒருவர் புதைந்துவிட்டால்: கத்திச் சொல்லுங்கள், அவர் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணால் பிடித்துவையுங்கள், மேலே இன்னொரு பனிச்சரிவு வருமா என்று பாருங்கள். எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் மறந்தாலும் மற்றவர்கள் அவரையே தேடிப் போவார்கள். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கீழே, 40 மீட்டர் இடைவெளியில் பட்டைகளாகத் தேடுங்கள். மேல்பரப்பில் கையுறை, கம்பு ஏதாவது தெரிந்தால் இழுத்துப் பாருங்கள். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறி வழியே வேகமாக. 3 மீட்டர் என்று காட்டும்போது வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியோடு ஒட்டி, திசை மாற்றாமல் நகர்த்துங்கள். மிகச் சிறிய எண் வந்த இடத்தில் குறுக்காகவும் நகர்த்தி, அதிலும் சிறிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ப்ரோப். சரிவுக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக வெளிநோக்கிக் குத்த வேண்டும். ஆள்மேல் பட்டால் தரையில் படுவதுபோல் டங்கென்று இருக்காது, கொஞ்சம் அமுங்கும். பட்ட ப்ரோப்பை உருவாதீர்கள்.

தோண்டுவதில்தான் பெரும்பாலோர் நேரத்தை இழக்கிறார்கள். நேர் மேலிருந்து தோண்டக் கூடாது. ப்ரோப்பில் ஆழம் ஒரு மீட்டர் என்று தெரிந்தால், அதுபோல் ஒன்றரை மடங்கு, அதாவது ஒன்றரை மீட்டர் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று, பக்கவாட்டில் உள்ளே நுழையுங்கள். ஒருவர் முன்னால் கட்டி கட்டியாக வெட்ட, மற்றவர்கள் பின்னால் நின்று துடுப்புப் போடுவதுபோல் பனியைக் கீழே தள்ளட்டும். முன்னால் நிற்பவரை 4 நிமிடத்துக்குள் மாற்றுங்கள். நின்றுபோன பனிச்சரிவு இறுகிப்போய் இருக்கும். பிளாஸ்டிக் ஷவல் வளையும் அல்லது உடையும். அலுமினியத் தகடும் நீளும் கைப்பிடியும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். ப்ரோப் 240 செ.மீ. குறைந்தபட்சம். குல்மார்க்கின் பனி ஆழத்துக்கு 280 அல்லது 300 நல்லது. முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் துப்புரவாக்கி, மார்பின் மேலுள்ள பாரத்தை எடுத்துவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் 5 முறை வாய்வழி மூச்சு, பிறகு மார்பு அழுத்தம்.

ஏர்பேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊதிய நிலையில் அது இறப்பு வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. ஆனால் இழுத்தால்தான் ஊதும், மரத்திலோ பாறையிலோ மோதுவதை அது தடுக்காது, குறுகிய ஓடைக்குள் மேலிருந்து மேலும் பனி கொட்டினால் அதனால் பெரிய பயனில்லை. ஹபத்குட் அப்படிப்பட்ட நிலம்தான். வாயுக் குப்பி உள்ள வகையென்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே எழுத்தில் வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஏர்பேகை விட்டுவிட்டு, நால்வருக்கும் நல்ல பீக்கனும் இரண்டு நாள் பயிற்சியும்.

இரண்டு சின்ன விஷயங்கள், ஆனால் பலரைச் சிக்கவைப்பவை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். வெளிநாட்டில் எல்லோரும் வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவியை அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். காஷ்மீரில் அதைக் கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பனிநடை:

மூணு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். வழிகாட்டி "ஹபத்குட்ல எப்பவும் தடம் இருக்கும், நூறு பேர் இறங்குவாங்க, பயமில்லை"ங்கிறார். அது உண்மையில எவ்வளவு தூரம் நம்பலாம்? அரசு எச்சரிக்கை பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

வடகீழ்ச்சரிவு பதில்:

தடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பலகை எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. இருபது பேர் கனமான பகுதிமேல் இறங்கிப் போகலாம். இருபத்தோராவது ஆள் பாறையோரத்தில் பலகை மெலிந்த இடத்தைத் தொட்டால், இருபது தடத்தோடும் சேர்த்து முழுச் சரிவும் உடையும். வாரம் முழுக்க தினமும் பலர் மிதித்த சரிவு வேறு; நாலாம் நாள் காலையில் போட்ட தடங்கள் வேறு. ஹபத்குட் பல கைகள், அதாவது பக்கப் பள்ளங்கள், வந்து சேரும் இடம். மேலே எந்தக் கை உடைந்தாலும் பனி நடு ஓடைக்குத்தான் வரும், அங்கே சின்னப் பனிச்சரிவுகூட ஆழமாகப் புதைக்கும். உங்களுக்கு மேலே வேறு குழுக்கள் நுழைந்துகொண்டிருக்கும் நாளில் உங்கள் கோணமும் உங்கள் குழியும் உங்களைக் காப்பாற்றாது.

வழிகாட்டியிடம் இப்படிக் கேளுங்கள்: கடைசி பத்து நாளில் எந்தத் திசைச் சரிவுகளில் உடைப்பு பார்த்தீர்கள்? தரையை ஒட்டிய பனி எப்படி இருக்கிறது? இந்த வழியில் மிகச் செங்குத்தான இடம் எது, எத்தனை டிகிரி? ஒவ்வொருவராக இறங்கும்போது எங்கெங்கே நின்று காத்திருப்போம்? என்ன தெரிந்தால் திரும்பிவிடுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். நல்ல வழிகாட்டிகள் குல்மார்க்கில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

அரசு எச்சரிக்கை சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ.-யிலிருந்து வருகிறது. பனிச்சரிவை ஆராய்ந்துவந்த பழைய எஸ்.ஏ.எஸ்.இ. நிறுவனத்தின் பணியை 2020 முதல் அதுதான் தொடர்கிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை அமைப்பு அதை எடுத்து அறிவிக்கும். மாவட்டப் பெயர், எத்தனை மீட்டருக்கு மேல், அபாயம் எந்த அளவு, அடுத்த 24 மணி நேரம் என்ற வடிவில் இருக்கும். குல்மார்க்குக்குப் பாரமுல்லா மாவட்டத்தைப் பாருங்கள். சாலை, கிராமம், ராணுவ முகாம் இவற்றை மனத்தில் வைத்து எழுதப்படுவது அது. எந்தத் திசைச் சரிவு, எந்தக் கோணம் என்று அதில் இருக்காது. "நடுத்தர அபாயம்" என்று போட்டிருந்தாலே ஸ்கீயில் போகிறவருக்கு அது பெரிய எச்சரிக்கை. எச்சரிக்கை இல்லாத நாளை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாலாம் நாளை வீணாக்க வேண்டாம். ரோந்துக் குழு கிண்ணத்தைத் திறந்தால் காலையில் அதற்குள்ளேயே இறங்குங்கள். அது தாமதமானால் குல்மார்க்கிலிருந்து பாபா ரேஷி பக்கம் காட்டு வழியே இறங்கலாம். ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம், சாய்வும் மிதமானது. அங்கேயும் மரம் இருப்பதே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மரங்களுக்கு இடையே நீங்கள் தாராளமாகத் திரும்ப முடிகிறதென்றால் பனியும் தாராளமாக வரும். மேல்பக்கத்துக் கிளைகள் மட்டும் ஒடிந்து மொட்டையாக நிற்கும் மரங்கள் தெரிந்தால் அது பழைய பனிச்சரிவு வந்த தடம். அந்த இடத்தில் ஓய்வெடுக்க நிற்காதீர்கள்.

அடுக்குப்பார்வை பதில்:

ஒண்ணு சேர்த்துக்கங்க. பாபா ரேஷி இறக்கத்துல உங்க நாலு பேருக்கும் பீக்கன் பயிற்சிக்கு அருமையான இடம் கிடைக்கும். ஒரு பையில கருவியை அனுப்பும் நிலையில வெச்சு, அரை மீட்டர் ஆழத்துல புதைச்சு, ஒருத்தர் மட்டும் 40 மீட்டர் தள்ளியிருந்து தேடட்டும். ப்ரோப் பையில படுறவரைக்கும் நேரம் எடுங்க. 4 நிமிஷத்துக்குள்ள வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்க, நாலு பேருமே. புதைக்கிறதுக்கு உங்க உடம்புல இருக்கிற கருவியைக் கழற்றாதீங்க, வாடகைக் கடையில அஞ்சாவதா ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க.